செஸ் ரேட்டிங் போட்டிக்கு முதன்முறை போகும் பெரியவர்களுக்கு: பதிவிலிருந்து முதல் சரிவு வரை

இணையத்தில் நிறைய ஆடியிருப்பீர்கள். பழகிய வட்டத்தில் உங்களை ஜெயிக்க ஆள் குறைவு. உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங் (ஆடுபவரின் பலத்தைக் காட்டும் எண்) கணக்கிடப்படும் நேரடிப் போட்டிக்கு இப்போது பெயர் கொடுக்கலாமா என்ற யோசனை வந்திருக்கிறது. அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

எந்தத் திறப்பு ஆடலாம், எண்ட்கேம் எப்படிப் படிக்கலாம் என்று இதில் சொல்லப்போவதில்லை. அதற்கு நல்ல புத்தகங்கள் ஏராளம். பதிவு, செலவு, நேரம், அரங்கில் மாட்டிவிடும் விதிகள், ரேட்டிங் ஏன் இப்படித் துள்ளுகிறது, தோற்றுவிட்டு அடுத்த ரவுண்டுக்கு எப்படி உட்காருவது என்பதையெல்லாம் நான் துண்டு துண்டாக, போட்டிகளுக்கு நடுவில் திண்டாடித் தெரிந்துகொண்டேன். அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள் பலர் முதல் ஓராண்டிலேயே போட்டியை விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். திறமையுள்ளவர்களும் அதில் உண்டு. ஏற்ற இறக்கத்தின் கணக்கு முன்பே தெரிந்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது ஆடிக்கொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

1. ஃபிடே எண்ணை முதலில் வாங்குங்கள்

ரேட்டிங் போட்டியில் உங்கள் ஆட்டம் கணக்கில் ஏற, ஃபிடே அடையாள எண் வேண்டும். அதை உங்கள் நாட்டின் செஸ் கூட்டமைப்பு வழியாகப் பெறுவதுதான் வழக்கம். பல நாடுகளில் ஆண்டு உறுப்பினர் பதிவோடு சேர்ந்தே இந்த எண்ணும் வரும். சில இடங்களில் உள்ளூர்ச் சங்கத்தில் தனியாகவும் பதிய வேண்டியிருக்கும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இரண்டு கட்டணம் கேட்டால் அதிர்ச்சியடைய வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: பிறந்த தேதிக்கான சான்று, புகைப்படம் உள்ள அடையாள அட்டை, தெளிவான ஒரு புகைப்படம், நீங்கள் அன்றாடம் பார்க்கும் மின்னஞ்சல் முகவரி. பெயரைப் பாஸ்போர்ட்டில் அல்லது முதன்மை அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். தந்தை பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதினால் பின்னால் தலைவலி.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பள்ளிப் பருவத்தில் ஏதாவது போட்டியில் ஆடியிருந்தால் உங்கள் பெயரில் ஏற்கனவே ஓர் எண் இருக்கலாம். ஃபிடேயின் ரேட்டிங் தளத்தில் உங்கள் பெயரை, எழுத்து மாற்றங்களோடு, தேடிப் பாருங்கள். தெரியாமல் இரண்டாவது எண் வாங்கிவிட்டால் ஆட்டங்கள் இரண்டு பக்கமும் பிரிந்து போகும். ஒன்றாகச் சேர்க்கக் கூட்டமைப்பு வழியாக எழுதிக் காத்திருக்க வேண்டும்.

படிவம் கொடுப்பதற்கும் எண் கைக்கு வருவதற்கும் இடையில் நாட்கள் ஓடும். போட்டிக்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்கிவிடுங்கள். ஏற்கனவே உறுப்பினர் என்றால், அந்த ஆண்டுப் பதிவு போட்டித் தேதிவரை செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2. போட்டி அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள்

பரிசுத் தொகை பெரிய எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது சின்ன எழுத்தில் இருக்கும்.

ஃபிடேயில் மூன்று தனித்தனிப் பட்டியல்கள் உண்டு: ஸ்டாண்டர்டு (நீண்ட நேர ஆட்டம்), ரேபிட் (வேகமானது), பிளிட்ஸ் (மிக வேகமானது). ஒன்றில் வாங்கிய ரேட்டிங் இன்னொன்றில் ஏறாது. ‘ரேட்டிங் போட்டி’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்தப் பட்டியலுக்கு என்று கேளுங்கள். ஸ்டாண்டர்டில் பரவலாக இருப்பது ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 வினாடி கூடுதல். 60 நகர்வு வரை போகும் ஆட்டத்துக்கு இருவருக்கும் சேர்த்து 4 மணி நேரம் ஆகும். ஒரு நாளைக்கு இரண்டு ரவுண்டு என்றால் 8 மணி நேரம் பலகைக்கு முன்னால். இணையத்தில் பத்து நிமிட ஆட்டம் ஆடிப் பழகிய உடம்புக்கு இது புது அனுபவம். முதல் போட்டிக்கு, முடிந்தால், நாளைக்கு ஒரே ரவுண்டு உள்ளதைத் தேடுங்கள். அது கிடைப்பது அரிது. கிடைக்காவிட்டால் ஐந்து அல்லது ஆறு ரவுண்டுகளில் முடிகிற வாரக்கடைசிப் போட்டி போதும். ஒன்பது ரவுண்டுப் போட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், யார் யார் ஆடுகிறார்கள் என்று பாருங்கள். ரேட்டிங் கிடைக்க, ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். எல்லாம் ஒரே போட்டியில்தான் ஆட வேண்டும் என்பதில்லை. 26 மாதங்களுக்குள் சேர்த்தால் போதும். புதியவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்த போட்டியில் எதிராளிகளில் பெரும்பாலோருக்கும் ரேட்டிங் இருக்காது. அங்கே எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாலும் ரேட்டிங் வராமல் திரும்ப நேரிடும். தொடக்கப் பட்டியல் பெரும்பாலும் முன்கூட்டியே இணையத்தில் வந்துவிடும். அதில் ரேட்டிங் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தாமத வரம்பையும் கண்டுபிடியுங்கள். ரவுண்டு தொடங்கி எத்தனை நிமிடத்துக்குள் வர வேண்டும் என்பது அறிவிப்பில் இருக்க வேண்டும். குறிப்பிடப்படாவிட்டால் விதிப்படி அது பூஜ்யம். அதாவது ரவுண்டு தொடங்கும்போது நீங்கள் நாற்காலியில் இல்லையென்றால் ஆட்டம் போச்சு. அறிவிப்பில் இல்லை என்றால் ஆர்பிட்டரிடம் (போட்டி நடுவர்) கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரைப்புள்ளி ‘பை’ (bye, ஒரு ரவுண்டில் ஆடாமலே கிடைக்கும் புள்ளி) தருகிறார்களா என்றும் பாருங்கள். வேலை காரணமாக முதல் ரவுண்டுக்கு வர முடியாதவர்கள் முன்பே எழுதிக் கேட்டால் அந்த ரவுண்டுக்கு அரைப்புள்ளி தரும் போட்டிகள் உண்டு. கடைசி ரவுண்டுகளுக்குப் பெரும்பாலும் தரமாட்டார்கள். நம்மைப் போன்ற வேலைக்காரர்களுக்கு இது பெரிய உதவி. கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

3. செலவை முழுதாகப் போட்டுப் பாருங்கள்

நுழைவுக் கட்டணம் மொத்தச் செலவில் சின்னப் பகுதிதான். வெளியூர்ப் போட்டி என்றால் பயணம், தங்கும் இடம், சாப்பாடு, எடுக்கும் விடுப்பு இவையெல்லாம் சேர்ந்து கட்டணத்தைப்போல் சில மடங்கு ஆகிவிடும். தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதே தொகையில் உள்ளூர்ப் போட்டிகள் எத்தனை ஆடலாம் என்றும் பக்கத்திலேயே எழுதுங்கள். என் கருத்தில், முதல் ரேட்டிங் வரும்வரை வெளியூர் போகத் தேவையில்லை.

பணம் வீணாகும் இடங்கள் சில:

பெரும்பாலான போட்டிகளில் கட்டணம் திரும்ப வராது. ஆகவே விடுப்பு உறுதியான பிறகு கட்டுங்கள். ஆனால் கடைசி தேதியைத் தாண்டினால் தாமதக் கட்டணம் சேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரங்கிலிருந்து தூரமாக மலிவான அறை எடுத்தால், இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவே போய்ப் படுத்துவிட்டு வர முடியாது. கொஞ்சம் அதிகம் கொடுத்தாவது நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். இல்லையென்றால் மிச்சப்படுத்திய பணத்தை மாலை ஆட்டத்தில் களைப்பாகத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

திரும்பும் பயணச் சீட்டைக் கடைசி ரவுண்டு முடிய வாய்ப்புள்ள நேரத்துக்கு நன்றாகப் பிந்தி எடுங்கள். வண்டிக்கு நேரமாகிறது என்பதற்காக ஜெயிக்கிற நிலையில் டிரா கேட்பது நடக்கிற விஷயம்தான். அது ஒரு போட்டி முழுவதும் உழைத்ததை வீணாக்குவது.

பலகை, காய், கடிகாரம் அமைப்பாளர்களே தருகிறார்களா, நீங்கள் கொண்டுபோக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். பரிசுப் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

4. முந்தைய வாரம்

புதுத் திறப்பு எதையும் கையில் எடுக்காதீர்கள். இரண்டு மூன்று ஆட்டங்களை நிஜப் பலகையில், நிஜக் கடிகாரத்தோடு, நகர்வுகளைக் கையால் எழுதிக்கொண்டே ஆடிப் பாருங்கள். திரையிலேயே ஆடிப் பழகிய கண்ணுக்கு முப்பரிமாணப் பலகையில் மூலைவிட்டங்கள் சட்டென்று தெரியாது. தூரத்து மூலையில் நிற்கும் மந்திரியைப் பார்க்காமல் விடுவது முதல் போட்டியில் சகஜம். இரண்டு மூன்று நாள் பழக்கத்தில் சரியாகிவிடும். தூக்க நேரத்தையும் ரவுண்டு நேரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

5. அரங்கில் ஆட்டத்தைப் பறிக்கும் விதிகள்

கைப்பேசி. இதில் கருணை எதிர்பார்க்காதீர்கள். ஆர்பிட்டர் அனுமதிக்காத மின்னணுக் கருவி எதுவும் ஆடும் இடத்தில் உங்கள் உடம்பில் இருந்தால் ஆட்டம் தோல்வி. ஒலிக்க வேண்டும் என்றுகூட இல்லை. சட்டைப் பையில் இருந்தாலே போதும். ஸ்மார்ட் வாட்ச்சும் இதில் அடக்கம். அணைத்துப் பையில் வைக்கலாமா, வெளியே ஒப்படைக்க வேண்டுமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும். முதல் நாளே கேளுங்கள். அறையிலேயே விட்டுவிட்டு வருவது எல்லாவற்றிலும் நல்லது.

தொட்ட காய். தொட்டால் நகர்த்த வேண்டும், எதிராளியின் காயைத் தொட்டால் வெட்ட வேண்டும். கட்டத்தில் சரியாக வைக்க மட்டும் தொடுகிறீர்கள் என்றால், தொடுவதற்கு முன்பே ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்லிவிடுங்கள். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. அதுவும் உங்கள் கடிகாரம் ஓடும்போது மட்டும்தான்.

காஸ்லிங். ராஜாவை முதலில் நகர்த்துங்கள், ஒரே கையால். யானையை முதலில் தொட்டால் அந்த யானையோடு அந்த முறை காஸ்லிங் செய்ய முடியாது, யானையைத்தான் நகர்த்த வேண்டும். இரண்டு கையாலும் செய்து கடிகாரத்தை அழுத்தினால் அது விதிமீறிய நகர்வு.

சிப்பாயை ராணியாக்குவது. பக்கத்தில் ராணி இல்லையென்றால் கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரிடம் கேட்டு வாங்குங்கள். யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொல்வது நண்பர்களிடம் நடக்கும். போட்டியில் அது யானைதான். காயை மாற்றாமல் சிப்பாயைக் கடைசிக் கட்டத்தில் வைத்துக் கடிகாரத்தை அழுத்தினாலும் விதிமீறல்.

விதிமீறிய நகர்வுக்குத் தண்டனை இதுதான்: ஸ்டாண்டர்டு ஆட்டத்தில் முதல் தடவை எதிராளிக்கு 2 நிமிடம் கூடுதல், இரண்டாவது தடவை ஆட்டம் தோல்வி. ராஜாவுக்கு செக் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்துவதும் இதில்தான் வரும். எதிராளி இப்படிச் செய்தால் அவரோடு வாதாடாதீர்கள். கடிகாரத்தை நிறுத்திக் கையைத் தூக்குங்கள், ஆர்பிட்டர் வருவார்.

ஸ்கோர்ஷீட், அதாவது நகர்வுகளை எழுதும் தாள். ஆடிய பிறகே எழுத வேண்டும். முன்னால் எழுதி வைத்துக்கொண்டு யோசிக்கக் கூடாது. 30 வினாடி கூடுதல் உள்ள போட்டியில் கடிகாரத்தில் நான்கு வினாடி இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். கூடுதல் நேரம் 30 வினாடிக்குக் குறைவாக இருக்கும் ஸ்டாண்டர்டு ஆட்டத்தில், 5 நிமிடத்துக்குக் கீழே போனதும் எழுதுவதை நிறுத்தலாம். உங்கள் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் நேரத்தையும் நகர்வுக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. தவறாமல் செய்யுங்கள். இதன் பயன் பத்தாவது பகுதியில் வரும்.

டிரா. நகர்வை ஆடிவிட்டு, கடிகாரத்தை அழுத்துவதற்கு முன் கேட்க வேண்டும். ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறது என்று டிரா கோருவதானால், அந்த நகர்வை ஆடிவிடக் கூடாது. ஸ்கோர்ஷீட்டில் எழுதி, ஆர்பிட்டரைக் கூப்பிட்டு, இதை ஆடப்போகிறேன் என்று சொல்ல வேண்டும். காயைத் தொட்டுவிட்டாலே அந்த நகர்வில் அந்த உரிமை போய்விடும். கோரிக்கை தவறு என்றால் எதிராளிக்கு 2 நிமிடம் சேரும், அவ்வளவுதான். ஆகவே நிலைகள் திரும்பி வருவது உறுதியாகத் தெரிந்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். உயர்ந்த ரேட்டிங் உள்ளவரோடு உட்கார்ந்திருக்கும்போது புதியவர்கள் ஆர்பிட்டரைக் கூப்பிடவே கூச்சப்படுவார்கள். உங்கள் அரைப்புள்ளி அது.

ஆட்டம் முடிந்ததும் முடிவை இருவர் தாளிலும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வெள்ளை, கறுப்பு மாறி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தான பிறகு, தவறாக இருந்தாலும், ஆர்பிட்டர் மாற்றினால் ஒழிய அதுவே முடிவு.

6. ஸ்விஸ் முறையில் உங்கள் பயணம் எப்படி இருக்கும்

திறந்த போட்டிகள் அநேகமாக ஸ்விஸ் முறைதான். தோற்றால் வெளியேற்றம் கிடையாது. ஒவ்வொரு ரவுண்டிலும் ஏறக்குறைய உங்கள் புள்ளியில் இருப்பவரோடு ஆடுவீர்கள். ஒரே ஆளோடு இரண்டு முறை வராது.

முதல் ரவுண்டில் பட்டியலின் மேல்பாதி, கீழ்பாதியோடு மோதும். ரேட்டிங் இல்லாத நீங்கள் கீழே இருப்பீர்கள். எதிரில் நல்ல ரேட்டிங் உள்ளவர் உட்காருவார். தோற்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது ரவுண்டில் உங்களைப் போலத் தோற்றவர் ஒருவர். ஜெயித்தால் மூன்றாவதில் மறுபடி வலுவான ஆள். இப்படி ஒன்று விட்டு ஒன்று என்று ஏறி இறங்குவது இந்த முறையின் இயல்பு. மூன்றாவது ரவுண்டில் அடி வாங்கிவிட்டு ‘இரண்டாவதில் நன்றாக ஆடினேனே, இப்போது என்ன ஆயிற்று’ என்று குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை, எதிராளி மாறியிருக்கிறார்.

ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்குப் பை வரும். எதிராளியே இல்லாமல் புள்ளி கிடைக்கும், பெரும்பாலும் முழுப்புள்ளி. ஆனால் அது ரேட்டிங் கணக்கில் சேராது. எதிராளி வராமல் கிடைத்த வெற்றியும் சேராது. ஐந்து ரவுண்டுப் போட்டியில் ஒரு பை வந்தாலே முதல் ரேட்டிங்குக்கு வேண்டிய 5 ஆட்டம் நிறையாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் விலக நேர்ந்தால் அடுத்த ரவுண்டுப் பட்டியல் போடுவதற்கு முன் ஆர்பிட்டரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால் ஒருவர் எதிராளி இல்லாமல் காத்திருப்பார். அவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்தான்.

7. முதல் ரேட்டிங் எப்படி வருகிறது

2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி ரேட்டிங்கின் அடிமட்டம் 1400. அதற்குக் கீழே ரேட்டிங் கிடையாது. முதல் ரேட்டிங் கணக்கிடும்போது நீங்கள் ஆடிய எதிராளிகளோடு, 1800 ரேட்டிங் உள்ள இரண்டு கற்பனை எதிராளிகளையும் சேர்த்து, அவர்களோடு டிரா செய்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எதிராளிகள் 1650, 1720, 1580, 1800, 1700. ஐந்தில் நீங்கள் எடுத்தது 2 புள்ளி. கற்பனை எதிராளிகளைச் சேர்த்தால் ஏழு பேர், சராசரி 1721. புள்ளி ஏழுக்கு 3, அதாவது 43 சதவீதம். ஃபிடே அட்டவணையில் 43 சதவீதத்துக்கு 50 கழிய வேண்டும். ஆக 1671. அதே எதிராளிகளிடம் ஒரு புள்ளி மட்டும் எடுத்திருந்தால் 1563. அரைப்புள்ளி என்றால் 1491.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ளலாம். ஒன்று, அந்த 1800 கற்பனை எதிராளிகள் உங்களை மேலே இழுக்கிறார்கள். முதல் ரேட்டிங் உங்கள் உண்மையான பலத்தைவிடக் கூடுதலாக வர வாய்ப்பு இருக்கிறது. அடுத்த சில போட்டிகளில் இறங்கினால் அது இயல்பான திருத்தம். இன்னொன்று, ஒவ்வோர் அரைப்புள்ளிக்கும் பெரிய மதிப்பு உண்டு. ஐந்து ஆட்டத்தில் நான்கு தோற்றிருந்தாலும் கடைசி ஆட்டத்தை விட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

முதல் போட்டியில் ஒரு புள்ளியும் எடுக்காவிட்டால் அந்தப் போட்டி கணக்கில் வராது. மறுபடி புதிதாகத் தொடங்கலாம்.

8. ஏற்ற இறக்கத்தின் கணக்கு

பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான்.

ரேட்டிங் வந்த பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிர்பார்ப்பு ஒன்று இருக்கும். சமமானவரோடு அரைப்புள்ளி. உங்களைவிட 200 அதிகம் உள்ளவரோடு 0.24. உங்களைவிட 100 குறைந்தவரோடு 0.64. எடுத்த புள்ளிக்கும் எதிர்பார்ப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கே (K) மதிப்பால், அதாவது ரேட்டிங் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணால், பெருக்கினால் வருவதே உங்கள் ஏற்றமோ இறக்கமோ. புதியவர்களுக்கு, 30 ஆட்டம் முடியும்வரை, கே மதிப்பு 40. அதன் பிறகு 2400-ஐத் தொடும்வரை 20.

உங்கள் ரேட்டிங் 1600, கே மதிப்பு 40 என்று வைத்துக்கொள்வோம். 1800 உள்ளவரை ஜெயித்தால் 30.4 ஏறும். டிரா செய்தால் 10.4. தோற்றால் 9.6 மட்டும் இறங்கும். 1500 உள்ளவரிடம் தோற்றால் 25.6 போகும், ஜெயித்தால் கிடைப்பது 14.4.

இப்போது முக்கியமான இடம். ஒன்பது ரவுண்டுப் போட்டியில், சமமானவர்களோடு ஆடினால், உங்கள் எதிர்பார்ப்பு 4.5. உங்கள் பலத்தில் எந்த மாற்றமும் இல்லாமலே ஒரு போட்டியில் 6, இன்னொன்றில் 3 என்று வருவது முற்றிலும் சாதாரணம். யார் எந்த நாளில் தூங்காமல் வந்தார், யாருக்குத் தெரிந்த நிலை வந்தது என்பதிலேயே இவ்வளவு மாறும். 6 எடுத்தால் 60 ஏறும். 3 எடுத்தால் 60 இறங்கும். முதல் போட்டி முடிந்து ‘முன்னேறிவிட்டேன்’ என்று நினைப்போம். இரண்டாவது முடிந்து ‘எனக்கு இது சரிப்படாது’ என்று நினைப்போம். ஆடியது ஒரே ஆள், ஒரே பலம். ஒரு போட்டியின் முடிவைக் கொண்டு உங்களைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள், நல்லதோ கெட்டதோ. குறைந்தது மூன்று நான்கு போட்டிகளைச் சேர்த்துப் பாருங்கள்.

30 ஆட்டத்துக்குப் பிறகு கே மதிப்பு பாதியாகும். அலைச்சலும் பாதியாகும். அதுவரை பொறுங்கள்.

குழந்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேட்டிங் 1500 என்று போட்டிருக்கும், எதிரில் பத்து வயதுச் சிறுமி உட்கார்ந்திருப்பாள், இருபது நகர்வில் உங்கள் நிலை நொறுங்கும். வளரும் பிள்ளைகளின் பலம் மாதாமாதம் கூடுகிறது. அவர்களின் ரேட்டிங் அதைத் துரத்திக்கொண்டு பின்னால் வருகிறது. இந்தத் துரத்தலுக்காகத்தான் 18 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை, 2300-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு, கே மதிப்பு 40 என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே எதிரில் சிறுவர் என்றால் அவருடைய எண்ணைப் பார்க்காதீர்கள். சமமானவர் என்றே எடுத்துக்கொண்டு ஆடுங்கள். அந்த ஆட்டத்தில் தோற்பதில் எந்த அவமானமும் இல்லை. ‘பிள்ளையிடம் தோற்றேன்’ என்று குமைந்தால் அடுத்த ரவுண்டும் போகும்.

ஒரே மாதத்தில் இரண்டு போட்டி ஆடினால் இரண்டுக்கும் மாதத் தொடக்க ரேட்டிங்கை வைத்தே கணக்கு. முதல் போட்டியில் ஏறியது இரண்டாவது போட்டியில் தெரியாது. அப்புறம், அந்த மாத ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கே மதிப்பால் பெருக்கி 700-ஐத் தாண்டினால் கே மதிப்பையே குறைத்துவிடுவார்கள். 40 உள்ளவருக்கு 18-ஆவது ஆட்டத்திலேயே இது வந்துவிடும்.

9. தோற்ற பிறகு அடுத்த ரவுண்டு

தோற்றதும் எதிராளியோடு கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பேசிப் பாருங்கள், அவர் விரும்பினால். வேறு அறையில் அல்லது வெளியே. வலுவானவர்கள் பலர் மனமுவந்து சொல்லித் தருவார்கள். கட்டணமில்லாத பயிற்சி இதைவிட வேறு கிடையாது. கோபத்தில் இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ரவுண்டுகளுக்கு நடுவில் கணினியில் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்காதீர்கள். ‘இங்கே ஜெயித்திருக்கலாம்’ என்று அது காட்டும் ஒரு வரி, மாலை முழுவதும் தலைக்குள் ஓடும். போட்டி முடியட்டும், அந்த ஆட்டம் எங்கேயும் போய்விடாது. நடந்துவிட்டு வாருங்கள். லேசாகச் சாப்பிடுங்கள். தண்ணீர் குடியுங்கள். இருபது நிமிடம் கண்ணை மூடிப் படுக்க இடம் கிடைத்தால் அதைவிட நல்ல தயாரிப்பு இல்லை. அடுத்த எதிராளியின் பழைய ஆட்டங்களைத் தேடுவதற்கும் இருபது நிமிடத்துக்கு மேல் செலவழிக்க வேண்டாம். நம் மட்டத்தில் ஆட்டம் திறப்பில் தீர்மானமாவது குறைவு.

தோற்றவர்கள் அடுத்த ரவுண்டில் இரண்டு விதமாகக் கெடுத்துக்கொள்கிறார்கள். சிலர் போனதை உடனே மீட்க வேண்டும் என்று பாய்வார்கள். காய் தியாகம், அவசரத் தாக்குதல், அரை மணி நேரத்தில் தோல்வி. சிலர் பயந்து, நல்ல நிலையிலேயே பதினைந்தாவது நகர்வில் டிரா கேட்பார்கள். இரண்டாவது வகைக்கு ஓர் எளிய விதி வைத்துக்கொள்ளலாம்: ஒரு குறிப்பிட்ட நகர்வு எண்ணுக்கு முன், 30 என்று வையுங்கள், நானாக டிரா கேட்க மாட்டேன். முதல் வகைக்கு மருந்து கடிகாரம். முதல் 15 நகர்வுக்குக் குறைந்தது 20 நிமிடமாவது செலவழிப்பேன் என்று முடிவு செய்துகொண்டு உட்காருங்கள்.

தொடர்ந்து இரண்டு மூன்று தோல்வி வந்தால் விலகிவிடத் தோன்றும். உடம்பு சரியில்லை என்றால் விலகுங்கள், அது வேறு. ரேட்டிங்கைக் காப்பாற்ற விலகுவதில் லாபம் குறைவு. புள்ளி இறங்கியதும் ஸ்விஸ் முறை உங்களை உங்களுக்குத் தகுந்த எதிராளிகளிடம் கொண்டுபோய் விடும். அந்த ஆட்டங்கள்தான் நன்றாகப் போராடி ஆடக்கூடியவை.

வெற்றிக்குப் பிறகும் கவனம் வேண்டும். காலையில் தன்னைவிட 300 அதிகம் உள்ளவரை ஜெயித்தவர், மாலையில் கவனமில்லாமல் தோற்பது அடிக்கடி நடக்கும். காலை ஆட்டத்தை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லியே களைத்துப் போயிருப்பார். சந்தோஷத்தை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

10. போட்டி முடிந்த பிறகு

பரிசளிப்புக்கு நிற்பதா கிளம்புவதா என்று முடிவு செய்யும் முன் பிரிவுப் பரிசுப் பட்டியலைப் பாருங்கள். ரேட்டிங் இல்லாதவர்களுக்கு, குறிப்பிட்ட ரேட்டிங்குக்குக் கீழ் உள்ளவர்களுக்கு என்று தனிப் பரிசு இருக்கலாம். நேரில் இல்லாதவர்களுக்குத் தராத போட்டிகளும் உண்டு. ஒரே புள்ளியில் பலர் இருந்தால் டைபிரேக் பார்ப்பார்கள். புக்ஹோல்ஸ் என்பது நீங்கள் ஆடிய எதிராளிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பது. உங்களோடு ஆடியவர்கள் நன்றாக ஆடியிருந்தால் உங்களுக்கு லாபம்.

ஸ்கோர்ஷீட்டுகளை அந்த வாரமே கணினியில் ஏற்றுங்கள். முதலில் கணினி உதவியில்லாமல் நீங்களே ஆட்டத்தை ஒருமுறை பார்த்து, எங்கே திரும்பியது என்று எழுதுங்கள். அப்புறம் இன்ஜினை ஓட்டி ஒப்பிடுங்கள். பக்கத்தில் குறித்த நேரங்களையும் கவனியுங்கள். பெரிய தவறுகள் எப்போது வந்தன? 40 நிமிடம் மிச்சமிருக்கும்போது ஒரே நிமிடத்தில் ஆடியதா, 2 நிமிடம் மிச்சமிருக்கும்போது ஆடியதா? முதல் வகை என்றால் அவசரம், இரண்டாவது என்றால் முன்னால் எங்கேயோ அளவுக்கு மீறி யோசித்திருக்கிறீர்கள். அடுத்த போட்டிக்கு முன் சரிசெய்ய வேண்டியது எது என்பது பெரும்பாலும் இதிலேயே கிடைத்துவிடும்.

அடுத்த போட்டிக்கு உடனே பணம் கட்டாதீர்கள். ஆட்டங்களை முழுதாகப் பார்த்து முடித்த பிறகு கட்டுங்கள். வேலையும் குடும்பமும் உள்ளவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு போட்டி நல்ல இடைவெளி என்று நினைக்கிறேன். தோல்விக்கு மருந்தாக அடுத்த வாரமே இன்னொரு போட்டிக்கு ஓடுவதில் பணமும் போகும், தூக்கமும் போகும்.

புதிய ரேட்டிங் பட்டியல் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி வரும். மாதக் கடைசியில் முடிந்த போட்டி அடுத்த பட்டியலைத் தவறவிட்டு அதற்கடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம். வந்ததும் உங்கள் பக்கத்தைத் திறந்து, ஆட்டங்களின் எண்ணிக்கை, எதிராளிகளின் பெயர், ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவு மூன்றையும் உங்கள் ஸ்கோர்ஷீட்டோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் போட்டியின் தலைமை ஆர்பிட்டருக்கு ரவுண்டு எண், பலகை எண், இரண்டு பேரின் ஃபிடே எண், கையெழுத்திட்ட ஸ்கோர்ஷீட்டின் படம் நான்கையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பி, நகலைக் கூட்டமைப்புக்கும் போடுங்கள். ஸ்கோர்ஷீட் படியைப் பட்டியல் வரும்வரை தூக்கி எறியாதீர்கள்.